விக்கி மென்பொருள் தெரிவு

விக்கி மென்பொருள் தெரிவு என்பது, ஓர் இணையச் சமூகம் தான் கூட்டாக எழுதவிருக்கும் பக்கங்களை எந்த மென்பொருளில் நடத்துவது என்று முடிவு செய்தல் ஆகும். கருத்துக்களத்திலும் வலைப்பதிவிலும் ஒவ்வோர் இடுகையும் அதை எழுதியவருக்கு உரியது. அவை நாள் வரிசையில் அடுக்கப்படுகின்றன. விக்கியில் பக்கமே அலகு. அதை எவரும் மாற்றலாம். ஆகவே எதை, யார், எப்போது மாற்றினார் என்னும் வரலாற்றை அம்மென்பொருள் எவ்வாறு காக்கிறது என்பதே முதலில் பார்க்க வேண்டியது. தோற்றமும் வசதிகளும் பின்னர் மாற்றிக்கொள்ளக் கூடியவை. தொலைந்த வரலாற்றை மீட்பது கடினம். விக்கிப்பீடியாவே இதற்கு எடுத்துக்காட்டு.

யூஸ்மாட்விக்கிக் காலம்

முதல் விக்கித் தளத்தை 1995இல் வார்டு கன்னிங்காம் தொடங்கினார். 2001 சனவரி 15 அன்று ஆங்கில விக்கிப்பீடியா தொடங்கப்பட்டபோது, கிளிஃபர்ட் ஆடம்சு பெர்ள் மொழியில் எழுதிய யூஸ்மாட்விக்கி பயன்படுத்தப்பட்டது. இதற்குத் தரவுத்தளம் தேவையில்லை. பக்கங்கள் வழங்கியில் கோப்புகளாகவே சேமிக்கப்பட்டன. நிறுவுவது எளிது. ஆனால் வட்டில் இடம் மிச்சப்படுத்தும் பொருட்டு, பழைய பதிப்புகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அது நீக்கிவிடும். இதனால் விக்கிப்பீடியாவின் தொடக்க மாதங்களின் தொகுப்பு வரலாறு குறைபட்டுப் போனது. 2010இல் டிம் ஸ்டார்லிங் பழைய காப்புநகல்களைக் கண்டெடுத்த பின்னரே அதன் பெரும்பகுதி மீண்டது. கட்டற்ற உரிமத்தில் வெளியாகும் ஆக்கத்திற்கு எழுதியவரைச் சுட்டுவது கட்டாயம் என்பதால், இது வெறும் பழமைப் பற்று சார்ந்த இழப்பு அன்று.

அக்கால விக்கிகளில் இணைப்பு தரும் முறையும் கவனிக்கத்தக்கது. இரண்டு சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து, ஒவ்வொன்றின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக்கினால் அது தானாகவே இணைப்பாகிவிடும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத தமிழில் இம்முறையில் ஓர் இணைப்பைக்கூடத் தர இயலாது! விக்கிப்பீடியாவின் தேவைக்காக ஆடம்சு 2001இல் இரட்டைச் சதுர அடைப்புக்குறி முறையைச் சேர்த்தார். இன்று தமிழ் விக்கிப்பீடியாவில் காணும் இணைப்புகளும் அம்முறையில் அமைந்தவையே.

மீடியாவிக்கி

பக்கங்கள் பெருகியதால், அப்போது செருமானிய மாணவராக இருந்த மாக்னசு மான்சுகெ, பி.எச்.பி. மொழியிலும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலும் புதிய மென்பொருளை எழுதினார். ஆங்கில விக்கிப்பீடியா 2002 சனவரியில் அதற்கு மாறியது. பெயர்வெளிகளும் கவனிப்புப் பட்டியலும் இதில் வந்தன. எனினும் பயன்பாடு கூடக்கூட அது தளர்ந்தது. லீ டேனியல் குரோக்கர் மீண்டும் எழுதிய வடிவம் 2002 சூலையில் நடைமுறைக்கு வந்தது. 2003இல் அது மீடியாவிக்கி எனப் பெயர் பெற்றது. பக்கங்கள் எளிய விக்கியுரையாக இருந்தமையால், மென்பொருள் மாறியபோதும் கட்டுரைகள் தப்பின.

சிறு சமூகங்கள்

பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு மீடியாவிக்கி பெரும்பாலும் மிகை. தரவுத்தளத்தைப் பேணவும் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களைத் தவறாது நிறுவவும் ஒருவர் வேண்டும்; அவர் விலகிவிட்டால் தளமும் நின்றுவிடும். 2004இல் வெளியான டோக்குவிக்கி, யூஸ்மாட்விக்கி போலவே கோப்புகளில் சேமிக்கிறது. ஆனால் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கிறது. எதைத் தெரிந்தாலும், சில சோதனைப் பக்கங்களை வரலாற்றுடன் ஏற்றுமதி செய்து, வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிடுவது நல்லது. மீடியாவிக்கியில் இதற்கு 'சிறப்பு:ஏற்றுமதி' என்னும் பக்கம் உண்டு.

தமிழ்ச் சமூகங்கள் ஒருங்குறியையும் சோதிக்க வேண்டும். யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட்டுகளைக் கொள்கிறது. 'மென்பொருள்' என்னும் ஐந்தெழுத்துச் சொல்லில் 10 குறிகள் உள்ளதால் அதற்கு 30 பைட்டுகள் தேவை. மீடியாவிக்கியில் தலைப்புக்கான வரம்பு 255 பைட்டுகள். எனவே தமிழ்த் தலைப்பு 85 குறிகளுக்குள் அடங்க வேண்டும்.