இரவில் எழுப்பும் வயிற்றுவலி

மண்டைக்காட்டில் தலைவலி உள்ளவர்கள் பகவதியம்மனுக்கு மண்டையப்பம் நேர்ந்துகொள்வது வழக்கம். வலிக்கும் இடம் எது என்பது எவருக்கும் தெரியும். உள்ளே என்ன பிசகி அந்த வலி உண்டாகிறது என்பதுதான் எளிதில் தெரிவதில்லை. அதை ஆராயும் துறையே நோயுடலியங்கியல். நர்சிங் மாணவர்கள் ‘பேத்தோபிசியாலஜி’ என்று குறிப்பிடும் இப்பாடம், நலமான உடல் இயங்கும் விதத்தையும், அந்த இயக்கம் எங்கே தவறுகிறது, தவற்றை ஈடுகட்ட உடல் என்ன செய்கிறது, ஈடுகட்ட முடியாதபோது எந்த அறிகுறிகள் வெளியே தெரிகின்றன என்பவற்றையும் ஒரே தொடராகக் கோத்துக் காட்டுகிறது. இதை விளக்கப் பாடநூல்கள் எந்த நோயை எடுத்துக்கொண்டாலும், மண்டைக்காடு அடங்கிய கல்குளம் வட்டாரத்துக்கே உரிய எடுத்துக்காட்டு குடற்புண்தான்.

மண்டைக்காட்டுக்கு அருகிலுள்ள நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணியை 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே தொடங்கினார். 1922இல் எவரெஸ்ட் ஏற வந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஹோவர்டு சாமர்வெல், அப்பயணம் முடிந்து தென்னாட்டுக்கு வந்தபோது நெய்யூர் மருத்துவமனையில் காத்துக்கிடந்த கூட்டத்தைக் கண்டு, பிறகு அங்கேயே பணிக்கு வந்து சேர்ந்தார். இரைப்பையை அடுத்துத் தொடங்கும் முன்சிறுகுடலில், அதாவது டுவோடினத்தில், உண்டாகும் புண் அந்நாளைய திருவிதாங்கூரில் மிகப் பரவலாக இருந்ததால், வயிற்று அறுவையே அவருடைய தனித்திறனாக வளர்ந்தது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் நடத்திய ஆய்வில், மரச்சீனிக்கிழங்கை முதன்மையாகக் கொண்ட திருவிதாங்கூர் ஏழைகளின் உணவைத் தின்ற எலிகளுக்கு இரைப்பைப் புண் வந்தது. கோதுமையும் பாலும் கொண்ட வடநாட்டு உணவைத் தின்றவற்றுக்கு வரவில்லை. கிழங்கின் மீது பழி விழுந்ததில் வியப்பில்லை.

சோற்றையும் மீனையும் கரைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரைப்பையையே கரைத்துவிடாமல் இருப்பதற்குக் காரணம், அதன் உட்சுவரான சளிச்சவ்வு கோழைப் படலம் ஒன்றைச் சுரந்து தன்மேல் போர்த்திக்கொள்வதும், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டை அப்படலத்துக்குள் தேக்கிவைப்பதும், தேய்ந்த செல்களைச் சில நாட்களுக்கொருமுறை புதுப்பித்துக்கொள்வதுமே ஆகும். இந்தக் காப்பு வலுவிழந்தாலும், அமிலம் அளவுமீறினாலும் புண் உண்டாகும். சளிச்சவ்வு அழிந்தால் என்ன நேரும் என்பதைச் சாமர்வெல் தம் தொண்டையிலேயே கண்டவர். 1924இல் எவரெஸ்டிலிருந்து இறங்கும்போது, உறைகுளிர்க் காற்றால் கருகிய குரல்வளைச் சவ்வு உரிந்து மூச்சுக்குழாயை அடைத்துவிட, தம் மார்பைத் தாமே அழுத்தி அதை இருமித் துப்பிய பிறகே அவரால் மூச்சுவிட முடிந்தது.

நெய்யூரில் அவர் செய்த முக்கிய அறுவை, இரைப்பையில் புதுவாய் திறந்து அதை இடைச்சிறுகுடலோடு இணைப்பது. உணவும் அமிலமும் புண்ணைத் தொடாமல் வேறு வழியே இறங்க, புண் ஆற இடம் கிடைக்கும். தொடரின் பின்பாதியை அவர் சரியாகவே பிடித்திருந்தார். முன்பாதி 1982இல்தான் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தெளிவாகத் தொடங்கியது. அங்கே ராபின் வாரனும் பேரி மார்ஷலும் வளர்த்தெடுத்த ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியம், யூரியேஸ் நொதியால் அம்மோனியாவை உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு, கோழைப் படலத்துக்குள்ளேயே குடியிருந்து சவ்வை அழற்சிக்குள்ளாக்குகிறது. இக்கண்டுபிடிப்புக்காக இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். கத்தி தேவைப்பட்ட நோய்க்கு இன்று பெரும்பாலும் இரு வார மாத்திரை போதும். ஆயினும் கிருமி தொற்றியவர்களில் பெரும்பாலோருக்குப் புண் வருவதே இல்லை என்பதால், உணவைப் பற்றிய பழைய ஐயத்தை முற்றிலும் தள்ளிவிடுவது அவசரத் தீர்ப்பாகிவிடும். உடல்வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரைகளில் பல, கோழைச் சுரப்பைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுப்பதால், கிருமியே இல்லாமலும் புண்ணுக்கு வழிவிடுகின்றன.

இத்தொடர் தெரிந்த செவிலியர், நோயாளி சொல்வதை வேறு விதமாகக் கேட்பார். சாப்பிட்டதும் தணிந்து, இரண்டு மூன்று மணி நேரத்தில் திரும்பி, நள்ளிரவில் எழுப்பும் வலி டுவோடினப் புண்ணைக் காட்டுகிறது. உணவு அமிலத்தை ஏற்றுக்கொள்ளும்வரைதான் அந்தத் தணிவு. முந்தைய நாள் உண்டது வாந்தியாக வந்தால், ஆறிய புண்ணின் தழும்பு வழியைச் சுருக்கியிருக்கலாம். புண் ஆழ்ந்து ரத்தக்குழாயை அரித்துவிட்டால், குடலில் செரித்துக் கறுத்த ரத்தம் தார் போல ஒட்டும், துர்நாற்றமுள்ள மலமாக வெளியேறும். அப்போது உடல் தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, இதயத்தை விரைவாக அடிக்கவைத்து, இழப்பை ஈடுகட்ட முயல்கிறது. ஆகவே ரத்த அழுத்தக் கருவி சரியான அளவைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கை சில்லிட்டு வியர்க்கும், நாடி விரையும், சிறுநீர் குறையும். அழுத்தம் இறங்கும்வரை காத்திருப்பது, உடல் தோற்கும்வரை காத்திருப்பதாகும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுபவருக்கும் மலம் கறுக்கும். ஆனால் அதனால் நாடி விரைவதில்லை.