திருப்புளிக்கு முன் ஒரு கேள்வி

சென்ற மாதம் என் கடைக்கு ஓர் இளைஞன் வந்தான். தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்றவன். சொந்தமாகக் கணினி திருத்தும் கடையொன்று தொடங்க விரும்பி, அதற்கு வேண்டிய பொருள்களையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தான்.

“அண்ணை, இதிலை ஏதும் விடுபட்டிருக்கோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

நல்ல பட்டியல்தான். திருப்புளி வகைகள், மல்ரிமீற்றர், ஈயம் பற்றவைக்கும் கோல், சூடான காற்றை ஊதும் கருவி, தூரிகை ஆகிய யாவும் இருந்தன. ஆயினும், முன்னொரு காலத்தில் நான் எழுதிய பட்டியலே என்னிடம் திரும்பி வந்தாற்போலிருந்தது. அதில் விடுபட்டது இதிலும் விடுபட்டிருந்தது.

2002ஆம் ஆண்டில் ஏ-9 பாதை திறந்தது. அடுத்த ஆண்டு யாழ்ப்பாண நகரிலே ஓர் ஒழுங்கையின் முகப்பில் எட்டடிக்குப் பத்தடியான அறையொன்றை வாடகைக்கு எடுத்தேன். அம்மா கட்டிவந்த சீட்டை எடுத்துத் தந்த 60,000 ரூபாவே முதல். கொழும்பிலே உதிரிப்பாகங்களை வாங்கி, ஓமந்தையிலும் முகமாலையிலும் பொதியை அவிழ்த்துக் காட்டி, மீண்டும் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்வேன்.

வேலைக்குக் குறைவிருக்கவில்லை. எங்களூரின் வெக்கையும் புழுதியும் உப்புக் காற்றும் கணினிக்கு ஆகாதவை. மின்சாரமோ ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. 230 வோற்றை வாங்கி 12, 5, 3.3 என்று சிறிது சிறிதாகப் பகிர்ந்தளிக்கும் மின்வழங்கிதான் முதலிற் பலியாகும். சிலவற்றைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டையிட்டிருக்கும். வேறு சில கணினிகள் உயிரற்றனபோல வந்து சேரும். நினைவகத் துண்டின் பொன்னிறப் பற்களைப் பள்ளிச் சிறுவரின் அழிறப்பரால் தேய்த்துப் பொருத்தினாற் போதும், எழுந்துவிடும். தொட்டது துலங்கியது. துலங்கவே, செருக்கும் வந்தது.

அக்காலத்தில் எந்த நோய்க்கும் என்னிடம் ஒரு மருந்து இருந்தது. கணினி தொடங்க மறுத்தால் வன்றட்டைப் போமற் செய்து, விண்டோசைப் புதிதாக ஏற்றிவிடுவேன். ஒரு மணி நேர வேலை, 500 ரூபா.

ஒருநாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தம் கணினியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

“தம்பி, இது காலமையிலையிருந்து எழும்புதில்லை. ஒருக்காப் பாரும்.”

“விட்டிட்டுப் போங்கோ மாஸ்ரர். பின்னேரம் எடுக்கலாம்.”

சொன்னபடியே பின்னேரம் கொடுத்தேன். மறுநாட் காலையில், நான் கடை திறக்குமுன்பே அவர் வாசலில் நின்றார்.

“தம்பி, என்ரை பாட்டுகள் எங்கை?”

ஊர் ஊராகச் சென்று முதியவர்களிடம் கேட்டெழுதிய நாட்டார் பாடல்கள் அவை. தாலாட்டும் ஒப்பாரியும் அருவிவெட்டுப் பாட்டுமாக ஏறக்குறைய நூற்றைம்பது. பாமினி எழுத்துருவில் ஒற்றை விரலால் இரண்டு ஆண்டுகளாகத் தட்டியிருந்தார். பாடிக் கொடுத்த கிழவிகளிற் பலர் அதற்குள் காலமாகிவிட்டனர். இடப்பெயர்வுகளில் அவருடைய கையெழுத்துக் கொப்பிகளும் பெரும்பாலும் தொலைந்துபோயின.

கணினியின் வன்றட்டு ஒரு நூலகத்தைப் போன்றது. நூல்கள் அடுக்குகளில் இருக்கும். எது எங்கே என்பது பட்டியல் அட்டைகளில் இருக்கும். போமற் செய்யும்போது பெரும்பாலும் கிழிபடுவன அட்டைகளே. நூல்கள் அப்படியே கிடக்கும். அவ்வளவில் நிறுத்தியிருந்தால் அவற்றைத் தேடி எடுத்திருக்கலாம். நானோ அதே அடுக்குகளிற் புதிய நூல்களை அடுக்கிவிட்டேன். விண்டோசும், வாடிக்கையாளரை மகிழ்விக்க இலவசமாக ஏற்றும் சினிமாப் பாட்டுகளும் ஒப்பாரிகளின் மேல் ஏறி அமர்ந்திருந்தன.

1981இல் நூலகம் எரிந்த ஊர் எங்களது. அவ்வழிவைப் பற்றிய பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் நான். தீயுமின்றிப் புகையுமின்றி, கூலியும் வாங்கிக்கொண்டு, என் கை செய்த காரியத்தை அன்று யாரிடம் சொல்வேன்?

மின்சாரம் இருந்த வேளைகளிலெல்லாம் முயன்றேன். மூன்று இரவுகளின் பின் நாற்பது பாடல்கள் கிடைத்தன. அவற்றுட் சிலவற்றுக்குத் தலையில்லை; சிலவற்றுக்குக் காலில்லை. அவற்றை இறுவட்டில் எழுதி, 500 ரூபாவையும் சேர்த்து நீட்டினேன். அவர் இறுவட்டை மட்டும் எடுத்துக்கொண்டார்.

“காசு நீர் பட்ட பாட்டுக்கு. இனி ஆரும் வந்தா, கை வைக்க முந்திக் கேளும்.”

அன்று ஒரு கொப்பி வாங்கினேன். பெயர், பழுது என்பவற்றுக்கு அடுத்ததாக இரண்டு நிரல்கள் கீறினேன்: உள்ளே இருப்பது என்ன? வேறெங்கும் பிரதி உண்டா? இவற்றுக்கு விடை எழுதாமல் திருப்புளியைத் தொடுவதில்லை என்பது அன்றுமுதல் கடையின் விதி.

2006 ஆகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. உதிரிப்பாகம் அரும்பொருளாயிற்று. அதுவரை நான் செய்தது திருத்தமன்று, வெறும் மாற்றீடே என்பது அப்போதுதான் விளங்கிற்று. அக்காலத்துத் தாய்ப்பலகைகள் பலவற்றில் தரங்குறைந்த கொள்ளளவிகள் இருந்தன. அவை தலை புடைத்துக் கசிந்து, பலகையையே படுக்கவைத்துவிடும். செத்த பலகைகளிலிருந்து நல்லவற்றைக் கழற்றி உயிருள்ளவற்றிற் பற்றவைத்தேன். அவ்வேளைகளில் உடையவரிடம் முதலிற் சொன்னது, பலகை போனாலும் வன்றட்டு பிழைத்திருக்கலாம் என்பதையே. பலருக்கு அந்தச் சொல்லே போதுமாயிருந்தது. கணினியின் விலையை எண்ணி வருந்தியவரைவிட, உள்ளிருந்த கடிதத்தையும் படத்தையும் எண்ணி வருந்தியவரே அதிகம்.

இவற்றையெல்லாம் அந்த இளைஞனிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

“இப்ப அப்படியில்லை அண்ணை. எல்லாம் எடுக்கலாம். அதுக்கெல்லாம் மென்பொருள் இருக்கு.”

இல்லை, இப்போது அது இன்னும் கடினம். இன்றைய திண்மநிலைத் தட்டுகளிற் பெரும்பாலானவை, அழித்த கோப்பு இருந்த இடத்தைத் தாமாகவே வெறுமையாக்கிவிடுகின்றன. அட்டையைக் கிழித்தால் நூலையும் அடுக்கே அகற்றிவிடும். என் பிழைக்கு நாற்பது பாடல்களாவது எஞ்சின. அவனுடைய பிழைக்கு ஒன்றும் எஞ்சாமற் போகலாம். இதைச் சொன்னபோது சிரிப்பு அடங்கிற்று. பட்டியலைத் திருப்பி வாங்கி, ஈற்றில் ஒரு கொப்பி என்று எழுதிக்கொண்டான். அதை முதலிலே எழுதும்படி சொன்னேன்.

ஆசிரியர் இப்போது இல்லை. அந்த நாற்பது பாடல்களின் பிரதியொன்று என்னிடம் இருக்கிறது. இறுவட்டு மங்குமுன் வேறொன்றுக்கும், அது பழையதாகுமுன் இன்னொன்றுக்குமாக இதுவரை ஐந்து தடவை மாற்றிவிட்டேன். ஆறாவது தடவைக்கு நாள் நெருங்குகிறது.