கூட்டுநிதியும் வாயில்காப்போரும்



1885ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்தில் ஒரு சங்கடம் தோன்றியது. பிரெஞ்சு மக்கள் அன்பளிப்பாக அனுப்பிய சுதந்திரதேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதவில்லை. ஜோசப் புலிற்சர் என்னும் பத்திரிகை அதிபர், தமது பத்திரிகை வாயிலாகப் பொதுமக்களிடம் உதவி வேண்டினார். வந்தவற்றுட் பெரும்பாலானவை ஒரு டொலருக்கும் குறைந்த தொகைகளே. ஆயினும் சில மாதங்களில் 100,000 டொலருக்கு மேற் சேர்ந்துவிட்டது. பலர் சிறுகச் சிறுக ஈந்து ஒரு காரியத்தை நிறைவேற்றும் இம்முறையே இன்று கூட்டுநிதி திரட்டல் எனப்படுகின்றது. அன்று பத்திரிகை செய்த பணியை இன்று இணையத்தளங்கள் செய்கின்றன.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அன்று நாணயம் ஏறக்குறைய நேராகவே போய்ச் சேர்ந்தது. இன்றோ, கொடுப்பவர் கைக்கும் பெறுபவர் கைக்கும் இடையே பல வாயில்கள் உள. வாயில்தோறும் ஒரு காவலர் நிற்கின்றார். அக்காவலர் வகுக்கும் விதிகள் ஒருசாராரின் பிழைப்பை எவ்வாறு பாதிக்கின்றன என்பதே இன்றைய பேச்சின் பொருள். அச்சாரார், வயதுவந்தோருக்கென்றே கணினி விளையாட்டுகளை ஆக்குபவர்கள். பொருள் சற்றுக் கூச்சந் தருவதே. எனினும் இதனுள் எழும் கேள்வி எழுதுவோர், வரைவோர், பாடுவோர் யாவர்க்கும் உரியது.

இவ்விளையாட்டுகளை ஆக்குவோர் பெரும்பாலும் ஒருவர் இருவராக வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள். ஒரு விளையாட்டு முற்றுப்பெறப் பல ஆண்டுகள் செல்லும். அதுவரை அடுப்பெரிய வேண்டுமே! 2009இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் என்னும் தளம் ஆபாசப் படைப்புகளை ஏற்பதில்லை. ஆகவே 2013இல் அமெரிக்காவில் தோன்றிய பேட்ரியோன் என்னும் தளத்தை இவர்கள் நாடினர். அங்கே ஆதரவாளர் மாதந்தோறும் சில டொலர் செலுத்துவர். ஆக்குநர் அவ்வப்போது முடிந்த பகுதியை அவர்களுக்கு வழங்குவார். மாதச் சம்பளம் போன்ற ஒரு வருவாய் இவ்வாறு கிடைத்தது.

2017 ஒக்டோபரில் பேட்ரியோன் தன் விதிகளை விரித்து எழுதியது. சிறுவரைப் பாலியல் நோக்கிற் காட்டுதல், பாலியல் வன்முறையைப் போற்றுதல், நெருங்கிய உறவினரிடையே பாலுறவு காட்டுதல் முதலியன கற்பனைப் படைப்பிலும் ஆகா என்பது அதன் சாரம். ஆக்குநர் பலர் சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதினர். தளத்தின் தலைவர் ஜாக் கோண்டே பதிலும் எழுதினார். சிலர் தம் கதைகளில் உறவுப் பெயர்களை நீக்கி, தாயை வீட்டு உரிமையாளர் என்றும் தமக்கையை அறைத்தோழி என்றும் மாற்றினர். பெயர் மாறியதேயன்றிக் கதை மாறவில்லை. விதி எழுத்தைப் பிடித்ததேயன்றிப் பொருளைப் பிடிக்கவில்லை என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

2018இன் நடுப்பகுதியில் மேலும் சில கணக்குகள் இடைநிறுத்தப்பட்டன. காரணம் கேட்டபோது, தன் கொடுப்பனவுப் பங்காளரின் தேவைப்படி பரிசோதனையைக் கடுமையாக்கியதாக அத்தளம் கூறிற்று. இங்கேதான் நாம் இரண்டாம் வாயிலைக் காண்கின்றோம்.

கடனட்டையால் ஒருவர் பணஞ் செலுத்தும்போது, அப்பணம் கொடுப்பனவு நிறுவனம், அதன் வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்ட் போன்ற அட்டை நிறுவனம் ஆகியவற்றின் வழியே செல்கின்றது. பாலியல் சார்ந்த வாணிகத்தை இவை ஆபத்து மிகுந்ததாகக் கருதுகின்றன. வாங்கியவரே பின்னர், ‘நான் வாங்கவில்லை’ என்று வங்கியிடம் முறையிடுவது ஒரு காரணம். நற்பெயர் கெடுமென்ற அச்சம் மற்றொன்று. அவ்வச்சம் காரணமற்றதன்று. 2020 டிசெம்பரில், சம்மதமின்றி எடுக்கப்பட்ட காட்சிகள் ஒரு பெரிய ஆபாசத் தளத்தில் இருந்தமை வெளிப்பட்டபோது, விசாவும் மாஸ்டர்கார்ட்டும் அத்தளத்திற் பணஞ் செலுத்துவதை நிறுத்தின. உண்மையான மனிதரின் வயதையும் சம்மதத்தையும் உறுதிசெய்யும் விதிகளை மாஸ்டர்கார்ட் 2021இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அது வேண்டியதே. ஆனால் வரைந்த சித்திரத்தில் உண்மை மனிதர் எவருமிலர். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது பொருந்துமா என்பது கேள்வி.

இக்கேள்வி 2025இல் பெரிதாக வெடித்தது. பெண்கள்மீதான பாலியல் வன்முறையையே விளையாட்டாக்கிய ‘நோ மெர்சி’ என்ற ஒன்று, கண்டனம் வலுத்ததால் அவ்வாண்டு ஏப்பிரலில் மீட்டுக்கொள்ளப்பட்டது. அதனை எதிர்த்த ‘கலெக்டிவ் ஷவுட்’ என்னும் அவுஸ்திரேலிய இயக்கம், யூலையிற் கொடுப்பனவு நிறுவனங்களுக்கே பகிரங்கக் கடிதம் எழுதியது. சில நாட்களில், கொடுப்பனவு நிறுவனங்களினதும் அட்டை நிறுவனங்களினதும் விதிகளுக்கு மாறான படைப்புகள் ஆகா என்று ஸ்டீம் என்னும் பெரிய விற்பனைத்தளம் ஒரு விதியைச் சேர்த்தது. இட்ச் என்னும் சிறிய தளமோ, முன்னறிவித்தலின்றி, வயதுவந்தோர்க்குரியன எனக் குறிக்கப்பட்ட படைப்புகள் அனைத்தையும் தன் தேடற் பட்டியலிலிருந்து நீக்கிற்று. இலவசமாகத் தரப்படுபவை மாத இறுதியளவில் மீண்டும் பட்டியலிற் சேர்க்கப்படலாயின. விலைக்கு விற்போர் காத்திருக்க நேர்ந்தது.

இதிலுள்ள அநீதியைக் கவனியுங்கள். ‘இது வயதுவந்தோருக்கு மட்டும்’ என்று நேர்மையாக எச்சரிக்கை ஒட்டியவரே முதலில் அகப்பட்டார். வன்முறையைக் கொண்டாடியவரும், வன்முறையிலிருந்து மீண்ட கதையைச் சொன்னவரும், அவ்வொட்டினால் ஒரே வலையில் வீழ்ந்தனர்.

யார் இட்ட கட்டளை இது? 2025 ஓகஸ்டில் மாஸ்டர்கார்ட், தான் எந்த விளையாட்டையும் மதிப்பிடவில்லை, கட்டுப்பாடு எதனையும் கோரவில்லை, சட்டவிரோதமான கொள்வனவுக்குத் தன் அட்டை பயன்படலாகாது என்பதே தன் நிலை என்றது. ஸ்டீம் தளத்தின் உரிமையாளரான வால்வ் நிறுவனமோ, மாஸ்டர்கார்ட் தம்மிடம் நேரிற் பேசவில்லை, இடையிலுள்ள நிறுவனங்களும் வங்கிகளும் அதன் விதியையே சுட்டின என்றது. 5.12.7 என்ற இலக்கமுடைய அவ்விதி, சட்டவிரோதமானவற்றை மட்டுமன்றி, தன் பெயருக்குப் பழுது விளைக்கும் என்று அந்நிறுவனம் தன் விருப்பப்படி கருதுபவற்றையும் தடுக்கின்றது. சாமி வரங் கொடுத்தாலும் பூசாரி இடங் கொடான் என்பது நம் பழமொழி. இங்கே சட்டம் வரங் கொடுக்கின்றது. பூசாரியோ ஒருவரல்லர், பலர். ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டுகின்றனர். வேலையிழந்தவர் முறையிடச் செல்வது யாரிடம்?

மாற்றுவழி இல்லாமலில்லை. 2012இல் பேபால் நிறுவனம், ஸ்மாஷ்வேர்ட்ஸ் என்னும் மின்னூல் வெளியீட்டாளரிடம் சிலவகைக் காமக் கதைகளை நீக்கும்படி கேட்டது. எழுத்தாளரும் உரிமை இயக்கங்களும் எதிர்த்தபின், அடுத்த மாதமே அது தன் விதியைக் குறுக்கிக்கொண்டது. எழுத்து மட்டுமேயான நூல்கள் விடப்பட்டன. ஒருவகை நூல்கள் முழுவதையும் அன்றி, சட்டத்துக்கு மாறாகக்கூடிய படங்களுள்ள குறிப்பிட்ட நூலையே சுட்டுவதென முடிவாயிற்று.

அந்த முடிவிலேதான் நமக்குரிய பாடம் இருக்கின்றது. தீங்கானதைத் தடுக்க ஒரு நிறுவனத்துக்கு உரிமையுண்டு. ஆனால் தடுப்பது எது, தடுப்பவர் யார், காரணம் யாது, மறுத்துரைக்க வழி எது என்னும் நான்கும் வெளிப்படையாக இருத்தல் வேண்டும். நமக்குப் பிடிக்காத படைப்பைப் பற்றியதாயினும் இதனைக் கேட்பதே முறை. பணம் செல்லும் வழி எல்லார்க்கும் பொதுவானது. இன்று ஒருவர்க்கு விளக்கமின்றி மூடப்படும் வாயில், நாளை மற்றொருவர்க்கும் அவ்வாறே மூடப்படலாம்.