போலி உறுதியும் இருபது ஆண்டு எல்லையும்

யுத்தத்தினால் இடம்பெயர்ந்தவர்களும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும் பல்லாண்டுகளின் பின்னர் ஊர் திரும்பியபோது, தமது காணிக்கு வேறொருவர் உறுதி வைத்திருப்பதைக் காண நேர்ந்த சந்தர்ப்பங்கள் உண்டு. இறந்துபோன தந்தையார் எழுதியதாகக் கூறும் நன்கொடை உறுதி, குடும்பத்தவர் எவரும் அறிந்திராத மரணசாசனம், வெளிநாட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் அற்றோணித் தத்துவம் என அது பல வடிவங்களில் தலைகாட்டும்.

'பதிவாகிவிட்டதே, இனி என்ன செய்வது' என்று ஒதுங்கிக்கொள்வோர் ஒரு சாரார். 'கள்ள உறுதிதானே, எப்போதும் பொலிஸில் முறையிடலாம்' என்று ஆறப்போடுவோர் மற்றொரு சாரார். இவ்விரு எண்ணங்களுமே தவறானவை.

1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பதிவு என்பது ஓர் உறுதிக்கு மற்றோர் உறுதியின் மேல் முன்னுரிமை தருவதற்கானது. உறுதியிலுள்ள குறைபாட்டை அது குணப்படுத்துவதில்லை என அச்சட்டமே கூறுகின்றது. காணிப் பதிவகத்தின் முத்திரை விழுந்ததனால் கள்ளக் கையொப்பம் நல்ல கையொப்பமாகிவிடாது. அதனை நம்பிப் பணம் கொடுத்து வாங்கியவருக்கும் உரித்து கிடைக்காது. ஏமாந்தவர் மீது எவ்வளவு அனுதாபம் இருந்தாலும் நிலைமை இதுதான்.

போலி ஆவணம் எது என்பதனை 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை விளக்குகின்றது. பிறருடைய கையொப்பத்தை இடுவது மாத்திரமன்றி, நிறைவேற்றப்பட்ட ஆவணத்தின் முக்கிய பகுதியை அதிகாரமின்றி மாற்றுவதும் அதற்குள் அடங்கும். சித்தசுவாதீனமற்ற ஒருவரிடமோ, உள்ளடக்கத்தை அறியவிடாது ஏமாற்றப்பட்ட ஒருவரிடமோ கையொப்பம் பெறுவதும் அவ்வாறானதே. மரணப்படுக்கையில் சுயநினைவற்றுக் கிடக்கும் முதியவரின் பெருவிரலை மையில் தோய்த்துப் பதிக்கும் உறவினர்கள் இதனை அறிந்திருப்பது நல்லது. ஒருவர் தன் சொந்தப் பெயரையே எழுதினாலும், அதே பெயர்கொண்ட வேறொருவருடையது என நம்பவைக்கும் நோக்கம் இருப்பின் அதுவும் குற்றமாகலாம். ஆனால் பிறர் காணியைத் தனது என்று கூறித் தன் பெயரிலேயே பிரகடன உறுதி எழுதுபவரின் நிலை வேறு. அங்கே பொய்யானது கூற்றே தவிர கையொப்பமல்ல. ஆதலால் போலியாக்கல் என்ற குற்றச்சாட்டு அங்கு எளிதில் நிற்காது. மோசடி போன்ற வேறு குற்றங்களையே நாட வேண்டியிருக்கும்.

மரணசாசனத்தையும், காணி உறுதி, காசோலை போன்ற பெறுமதியுள்ள பத்திரங்களையும் போலியாக்குவதனைச் சாதாரணப் போலியாக்கலை விடப் பாரதூரமான குற்றமாகச் சட்டக்கோவை கருதுகின்றது. போலி எனத் தெரிந்துகொண்டே ஓர் ஆவணத்தை மெய்யானதாகப் பாவிப்பது 459ஆம் பிரிவின் கீழ்த் தனியான குற்றமாகும்.

இந்தத் தனித்தன்மை ஏன் முக்கியம்? 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 456ஆம் பிரிவு, கொலை, இராஜத்துரோகம் தவிர்ந்த ஏனைய குற்றங்களுக்கு, விசேட ஏற்பாடு இருந்தாலன்றி, இருபது ஆண்டுகளின் பின் வழக்குத் தொடர முடியாது என்கின்றது. குற்றம் கண்டுபிடிக்கப்பட்ட நாளிலிருந்து அல்ல, இழைக்கப்பட்ட நாளிலிருந்தே இக்காலம் எண்ணப்படும். 1996இல் புனையப்பட்ட உறுதிக்கான குற்றம் 2016இலேயே காலாவதியாகிவிட்டது. 2009இல் புனையப்பட்டதாயின் 2029 வரை அவகாசமுண்டு. எனினும் அந்த 1996ஆம் ஆண்டு உறுதியை, போலி எனத் தெரிந்தே ஒருவர் 2020இல் வங்கியில் ஈடு வைத்திருந்தால், பாவித்த குற்றத்திற்கான காலம் 2020இலிருந்தே தொடங்கும். தேசவழமை, முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் ஆகியவை சொத்தின் பங்குகளை வெவ்வேறாக நிர்ணயித்தாலும் இக்குற்றவியல் எல்லை யாவருக்கும் ஒன்றே.

குற்றவியல் வழக்கு தோற்றாலும் உறுதி செல்லுபடியானதென ஆகிவிடாது. அங்கே நியாயமான சந்தேகத்திற்கு அப்பால் குற்றத்தை நிரூபிப்பது வழக்குத் தொடுநரின் கடமை. மாவட்ட நீதிமன்றத்திலோ, மரணசாசனத்தை முன்வைப்பவரே அதனை நிரூபிக்க வேண்டும். சந்தேகத்துக்கிடமான சூழ்நிலை இருப்பின் அதனை அகற்றுவதும் அவர் பொறுப்பே.

சான்று தேடுவோர் முதலில் செல்லவேண்டிய இடம் காணிப் பதிவகம். நொத்தாரிசு ஒவ்வொரு மாதமும் உறுதிகளின் இணைப்பிரதிகளை அங்கே சமர்ப்பிக்க வேண்டியவர். தம்மிடமும் ஒரு பிரதியை வைத்திருப்பார். இப்பிரதிகளில் திகதி, சாட்சிகளின் பெயர், கையொப்பம் ஆகியன ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். கையெழுத்தை ஒப்பிடுவதற்கு, காணியின் சொந்தக்காரர் அதே காலப்பகுதியில் கையொப்பமிட்ட வங்கிப் படிவமோ ஓய்வூதியப் பத்திரமோ பழைய கடிதமோ தேவைப்படும். இடப்பெயர்வுகளில் தப்பிய அத்தகைய கடதாசிகள் வீட்டுப் பெட்டிகளில் கிடந்தால், அவற்றின் மூலப்பிரதிகளையே பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். நிழற்பிரதியிலிருந்து நிபுணரால் அறியக்கூடியது சொற்பமே.