மகள் மேசையில் இருந்த நாவல்

பதினாறு வயது மகளின் மேசையில் டி.எச். லாரன்ஸ் எழுதிய ‘லேடி சாட்டர்லீஸ் லவர்’. 1928-இல் வெளியான நாவல். பிரிட்டனில் முழுசாக விற்பனைக்கு வர 1960-இல் ஒரு வழக்கே நடந்தது. எடுத்து ஒளிச்சு வைக்கத்தான் முதலில் தோணுச்சு. என் அம்மா அப்படித்தான் செய்திருப்பார். ஆனா நான் உட்கார்ந்து படிச்சேன்.

போரில் அடிபட்டு, நடக்க முடியாமல் போன கணவர் கிளிஃபர்டைப் பார்த்தா பாவமா இருக்கு. வேலைக்காரர்களை அவர் நடத்துற விதத்தைப் பார்த்தா கோபம் வருது. மனைவி கோனியின் தனிமை புரியுது, அவள் சொல்லும் பொய்களை ஏற்க முடியல. காதலன் மெல்லர்ஸ் அவளிடம் கனிவானவன். ஆனா அழுற தன் சின்ன மகளை அதட்டுறான். படுக்கையறைப் பக்கங்களைவிட அந்தக் குழந்தையின் அழுகைதான் என்னை ரொம்ப உறுத்திச்சு.

“அப்போ கோனி செஞ்சது தப்பாம்மா?” மகள் கேட்டாள்.

“தப்பும் இருக்கு, தவிப்பும் இருக்கு. நீ என்ன நினைக்கிற?”

அன்னைக்கு ராத்திரி சாப்பாடு ஆறிப்போச்சு. அவள் மெல்லர்ஸை மன்னிக்கத் தயாரில்லை. நான் இன்னும் முடிவு பண்ணல. ஒளிச்சு வைத்திருந்தா, இந்தப் பேச்சே எங்களுக்குள் நடந்திருக்காது.