ஆட்டக்காரருக்கு ஒரு நீதி! ஆதரவற்றோருக்கு?

காரைக்குடிப் பெரியவர்களைக் கேட்டுப் பார், தம்பி! பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் கொடுக்கல் வாங்கல் நடத்திய கிட்டங்கியைப் பற்றிச் சொல்வார்கள். ஒரே கூடம், பல கடைகள், நடுவே சுவர் இல்லை. ஆளுக்கொரு பெட்டியடி, பெட்டிக்கு ஒரு பூட்டு. அந்தப் பூட்டிலே இருந்தது தொழிலின் நாணயம்!

இன்று கோடானுகோடி மக்களின் பெயரும் ஊரும் ஆதார் எண்ணும் அரசாங்கத்தின் கணினிப் பெட்டியிலே. பெட்டி பெரிது. பூட்டு எங்கே?

2017 ஏப்ரலில், ஜார்க்கண்ட் அரசின் சமூகப் பாதுகாப்புத் துறை இணையதளம், முதியோர் உதவித்தொகை பெறுவோர் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவரின் பெயர், முகவரி, ஆதார் எண், வங்கிக் கணக்கு விவரம் அத்தனையையும் ஊரறியப் பரப்பி வைத்தது. திருடன் வரவில்லை, பூட்டு உடையவில்லை. கணினி நிரலில் பிழையாம்!

அந்த மாநிலத்து ராஞ்சிக்காரர்தான் கிரிக்கெட் வீரர் தோனி. அதற்கு முந்திய மாதம் அவருடைய ஆதார் விவரமும் வெளியாயிற்று. துணைவியார் கேட்டார், மத்திய அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் உடனே பதில் சொன்னார், பதிவு செய்த நிறுவனத்துக்குப் பத்தாண்டுத் தடை! சரியான நடவடிக்கை, குறை சொல்லவில்லை. ஆனால், அந்தப் பத்து லட்சம் பேரில் எந்தப் பாட்டிக்கு அமைச்சரை அழைத்துக் கேட்க வழி இருந்தது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதே நவம்பரில், மத்திய, மாநில அரசுகளின் சுமார் 210 இணையதளங்கள் பயனாளிகளின் ஆதார் விவரத்தை வெளியிட்டிருந்ததாகவும், பின்னர் அவை நீக்கப்பட்டதாகவும் ஆதார் ஆணையமே ஒப்புக்கொண்டது. நீக்கினால் போதுமா? கொட்டிய பாலை அள்ள முடியுமா? கணக்கு எண்ணையும் பெயரையும் சரியாகச் சொல்லி ஒரு மோசக்காரன் தொலைபேசியில் பேசினால், "வங்கி அதிகாரிதான்" என்று நம்பிவிட மாட்டாளா நம் வீட்டுக் கிழவி?

2023-ல் சட்டம் வந்தது. தகவலைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்கக் காது குளிர்கிறது! அந்தப் பணம் போவது எங்கே? இந்தியத் தொகுப்பு நிதிக்கு. ஏமாந்தவளுக்கு இழப்பீடு? இந்தச் சட்டத்திலே அதற்கு வகை இல்லை. போதாததற்கு, நாட்டுப் பாதுகாப்பு போன்ற காரணங்களைக் காட்டித் தான் விரும்பும் அரசு அமைப்புக்கு விலக்களிக்கவும் மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு.

அடி விழுவது ஏழைக்கு, அபராதம் அரசுக்கு! இதுவா நீதி?

தவறியவர் யாரோ, அவரே இழப்பை ஈடுசெய்யட்டும். அது அரசு அலுவலகமாயினும் சரியே. கடல் கடந்து வட்டிக்கடை நடத்தியவருக்கு இருந்த பூட்டும் பொறுப்பும், நாட்டை ஆள்வோருக்கு வேண்டாமா, தம்பி?