"ஹலால்" முத்திரைக்கு கூடுதல் காசு கொடுக்கணுமா? கேப்ஸ்யூல் வாங்கும் முன் இதைப் பாருங்க!

ஒரே வைட்டமின், ரெண்டு டப்பா. ஒண்ணுல மட்டும் ஹலால் முத்திரை, விலையும் கூட. எதை எடுப்பீங்க?

சிக்கல் எங்கே?

பெரும்பாலும் மருந்தில் இல்லை, கூட்டில்தான். கேப்ஸ்யூல் கூடு பொதுவா ஜெலட்டின். இந்தியாவில் அது பெரும்பாலும் மாட்டு, எருமை எலும்பிலிருந்து வருது. சில நாடுகளில் பன்றித் தோலிலிருந்தும் எடுக்கிறாங்க. அதனால காஞ்சிபுரத்துல ஒலிமுகமதுபேட்டைக்காரருக்கும், சின்ன காஞ்சிபுரத்து சைவக் குடும்பத்துக்கும் கேள்வி ஒண்ணுதான்: "இது எதுல செஞ்சது?"

மாற்று இருக்கு. தாவர செல்லுலோஸ் கூடு. லேபிளில் "ஹைப்ரோமெல்லோஸ்" அல்லது "ஹெச்பிஎம்சி" என்று இருக்கும். ஜெலட்டினை விட இதன் விலை அதிகம். ஜெலட்டினுக்கு மாற்று பற்றி ஆராய மத்திய அரசு 2017-ல் நிபுணர் குழு கூட அமைத்தது. ஆனா ஜெலட்டின் இன்னும் புழக்கத்தில்தான் இருக்கு.

காசை மிச்சம் பிடிக்க 3 வழி

1. சத்து மாத்திரை எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணோட வந்தா அது உணவுக் கணக்கு. பச்சைப் புள்ளி கட்டாயம் பாருங்க. பச்சைன்னா கூடு விலங்கு ஜெலட்டின் இல்லை. கூட்டுக்காக மட்டும் ஹலால் முத்திரைக்கு தனியா காசு கொடுக்க வேண்டாம். மீன் எண்ணெய் மாதிரி மெத்து கேப்ஸ்யூல்கள் பெரும்பாலும் ஜெலட்டின்தான், கவனம்.

2. டாக்டர் எழுதும் மருந்துக்கு இந்தப் புள்ளி கட்டாயமில்லை. அதே மருந்து கேப்ஸ்யூலுக்குப் பதிலா மாத்திரையா கிடைக்குமான்னு டாக்டரிடமே கேளுங்க. பல மருந்துகளுக்கு கிடைக்கும், செலவும் ஏறாது.

3. மாற்று இல்லையா? மருந்தை நிறுத்தாதீங்க. பாதியில் விட்ட ஆன்டிபயாடிக் கடைசியில் ஆஸ்பத்திரி பில்லாத்தான் வரும். உயிருக்கு அவசியம்னா விலக்கு உண்டு என்பது இஸ்லாமியச் சட்டத்தின் அடிப்படை விதி. ஜெலட்டின் வேதிமாற்றம் அடைந்த பொருள், அதனால் தூய்மையானது என்று 1995-ல் குவைத்தின் இஸ்லாமிய மருத்துவ அறிவியல் அமைப்பு கருத்து சொன்னது. எல்லா அறிஞர்களும் இதை ஏற்கவில்லை. உங்க இமாமிடம் கேட்டு முடிவெடுங்க.

தொழில் செய்றவங்களுக்கு

ஆலத்தூர் சிட்கோ பக்கம் மருந்து யூனிட் வச்சிருக்கீங்களா? இந்தோனேசியாவின் 2014 ஹலால் சட்டப்படி காலக்கெடு படிப்படியா வருது: பாரம்பரிய மருந்து, சத்து மாத்திரைகளுக்கு 2026 அக்டோபர், சீட்டில்லாமல் வாங்கும் மருந்துக்கு 2029, டாக்டர் சீட்டு மருந்துக்கு 2034. ஏற்றுமதி ஆர்டர் கையில் இருந்தா சான்றிதழ் செலவு ஒரு முதலீடு. உள்ளூர் விற்பனை மட்டும்னா, வாடிக்கையாளர் கேட்கிறாரான்னு பார்த்துட்டு அப்புறம் செலவு பண்ணுங்க.

உங்க வீட்டு மருந்து டப்பாவை இன்னைக்கே திருப்பிப் பாருங்க. என்ன எழுதியிருக்குன்னு கமெண்ட்ல சொல்லுங்க!